அறுபத்தேழு வயதில் ஒரு வேக வண்டி

“இந்த வயதில் உங்களுக்கு வேக வண்டி எதற்கு?” என்று நம்மைக் கேளாதவர் லேக் மார்க்கெட்டுப் பக்கம் ஒருவரும் இலர். காய்கறி வாங்கச் சென்றவிடத்தில் கேட்டனர், கோயிலில் கேட்டனர், கல்யாணப் பந்தியிலும் கேட்டனர். ஆளுக்கொரு விதமாக விடை கூறி அலுத்துவிட்டபடியால், சங்கத்து அன்பர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து இங்கே ஒரே விடையாக எழுதிவிடுகிறோம். முதுமையில் வண்டி மாற்ற எண்ணியிருப்போருக்கு இது சிறிது பயன்படவும் கூடும்.

நாம் 1979 ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதில், கோரமண்டல் எக்ஸ்பிரசில் ஹௌராவில் வந்து இறங்கினோம். “ஐந்தாண்டு உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவேன்” என்று அன்னையாரிடம் வாக்களித்திருந்தோம். அந்த ஐந்து ஆண்டுகள் நாற்பத்தைந்தாக நீண்டன. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் இந்நகரில் ஓடத் தொடங்கிய 1984 ஆம் ஆண்டில், அலுவலகத்து அம்பாசிடரில் வண்டி ஓட்டக் கற்றோம். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர்த் தண்டு இருக்கும். பிரேக்கை மிதிப்பதற்கு மனவுறுதியும் கால்வலிமையும் ஒருங்கே வேண்டும். பின்னர் நாம் சொந்தமாக வாங்கியவை யாவும் சிக்கனம் பார்த்து வாங்கியவையே. பிள்ளைகளின் கல்லூரிச் சம்பளமும் தங்கையின் திருமணமும் எந்த வண்டி என்பதைத் தீர்மானித்தன. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி என்று ஒன்றும் இல்லை.

நிற்க. 2009 இல் வாங்கிய சிறு வண்டிக்கு 2024 இல் பதினைந்து ஆண்டுகள் நிரம்பின. சொந்த வண்டியின் பதிவுக்கு ஆயுள் பதினைந்து ஆண்டுகளே. அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் நம்முடைய லைசென்சும் முடிவுற்றது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு அதுவும் ஐந்தைந்து ஆண்டுகளாகத்தான் கிடைக்கும். மருத்துவரின் சான்றும் வேண்டும். “வண்டியும் நாமும் ஒரே நிலையை அடைந்துவிட்டோம்” என்று மனைவியாரிடம் சொல்லிச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “முதலில் கண்ணைக் காட்டுங்கள். வண்டியைப் பிறகு பார்க்கலாம்” என்றார்.

காட்டினோம். வலக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. இரவில் எதிர்வரும் விளக்குகள் பூவாய்ச் சிதறித் தெரிந்ததை, இந்நகரத்துத் தூசியின் குற்றம் என்று இரண்டு ஆண்டுகளாக நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டிருந்தோம். அறுவை செய்து, கண் தெளிந்த பின்னரே லைசென்சைப் புதுப்பித்தோம். இதனை ஒளியாது எழுதுவதன் காரணம், நம் வயதினர் பலர் அதே தூசியைக் குறை கூறிக்கொண்டு வண்டி ஓட்டுகின்றனர் என்பதே.

அந்த வேளையில் ஊரிலிருந்த பூர்வீக வீடு விலைபோயிற்று. உடன்பிறந்தார் நால்வருக்கும் பங்கு வந்தது. கையில் பணம் இருந்தது. மனத்தில் ஓர் ஆசையும் இருந்தது. பெங்களூரில் உள்ள மகள், “அப்பா, ஏறி இறங்க வசதியாக உயரமான வண்டி வாங்குங்கள், இல்லையென்றால் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்” என்றாள். நாம் சென்ற காட்சிக்கூடம் ஒன்றிலும், “மேசோமஷாய், இது இளைஞர் வண்டி” என்று ஒரு பிள்ளை அன்போடு நம்மை வேறு பக்கம் திருப்பப் பார்த்தான்.

ஸ்போர்ட்ஸ் செடான் என்பது பந்தய வண்டியன்று. நால்வர் தாராளமாக அமர்ந்து, பின்னால் பெட்டிகளும் வைத்துக்கொள்ளும் குடும்ப வண்டியே. எஞ்சினின் ஆற்றலும் வளைவில் நிலைகுலையாத கட்டுமானமும் சற்று மிகுதி. பழைய அம்பாசிடரின் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். 2023 இல் வெளிவந்த ஹூண்டாய் வெர்னாவின் டர்போ எஞ்சின் 1,482 கன சென்டிமீட்டர். ஆற்றலோ 160 குதிரைத்திறன். வீணாய் வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதே டர்போவின் வேலை. ஏறக்குறைய அதே அளவு வயிறு. மூன்று மடங்கு உழைப்பு!

தேர்ந்தெடுத்த முறையைச் சுருங்கச் சொல்வோம். முதலாவது, வண்டியில் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். முதலில் பார்த்த ஒரு வண்டியில் மனைவியார் மூன்றாம் முறை எழும்போதே கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டார், அதனைக் கைவிட்டோம். இரண்டாவது, நியூ டவுனின் அகன்ற சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டியே. ராஷ்பிகாரி அவென்யூவில் மாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து பார்க்க வேண்டும். இரட்டைக் கிளச்சு உள்ள தானியங்கி வண்டி அங்குலம் அங்குலமாக உருண்டால் கிளச்சு சூடேறும். முன்வண்டிக்குச் சிறிது இடம் விட்டு, பின்பு ஒரேயடியாக நகர்த்துவது நன்று. மூன்றாவது, வண்டி நிற்கும் இடத்தை அளக்க வேண்டும். வெர்னாவின் அகலம் 1,765 மில்லிமீட்டர். பக்கக் கண்ணாடிகளும் கதவு திறக்கும் இடமும் தனி. நான்காவது, பாதுகாப்பு. வெர்னாவில் ஆறு ஏர்பேக்குகள் உண்டு. 2023 இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. முதியவரின் எலும்புக்கு இவை அலங்காரமல்ல.

எல்லாம் பொருந்திற்று. ஆயினும் முன்பணம் கொடுப்பதற்கு முந்திய இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. புது வண்டியின் பதிவு 2039 வரை செல்லும். நம் லைசென்சோ 2029 வரைதான். வண்டிக்குக் கிடைக்கும் காலம் நமக்கு வாய்க்குமென்று யார் சொல்ல இயலும்? அன்றியும், மேற்கு வங்கத்தில் பதிவு செய்த வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோய் நிலையாக வைத்துக்கொள்வதென்றால் தடையின்மைச் சான்றும் மறுபதிவும் அங்கே மீண்டும் வரியும் வேண்டும். அப்படியாயின், ஊர் வீட்டை விற்ற பணத்தில் இங்கே வண்டி வாங்குவதன் பொருள் யாது?

இருட்டில் மனைவியாரே விடை கூறினார்: “இனி இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று வாயால் சொல்ல உங்களுக்குக் கூச்சம். அதனால்தான் கார் வாங்குகிறீர்கள். வாங்குங்கள். ஆனால் பொழுது சாய்ந்தபின் ஓட்டக்கூடாது. ஆண்டுதோறும் கண்ணைக் காட்ட வேண்டும். என்றைக்கு நான் போதும் என்கிறேனோ அன்றைக்குத் தர்க்கம் செய்யாமல் சாவியைத் தர வேண்டும்.” மூன்றுக்கும் இசைந்தோம். மூன்றாவதற்கு இசையும்போது மட்டும் குரல் சற்றுக் கம்மிற்று.

விசுவகர்மா பூசையன்று வண்டி வீடு வந்தது. வங்காளி அண்டைவீட்டார் சாமந்தி மாலை சூட்டினர். நாம் நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்துப் பிள்ளையாருக்குச் சூறைத் தேங்காய் உடைத்தோம்.

அடுத்த ஞாயிறு காலை, நன்றாக வெளிச்சம் வந்தபின், தட்சிணேசுவரத்தின் அருகே கங்கையைக் கடந்து உத்தரபாராவுக்குச் சென்றோம். அம்பாசிடர் 1958 முதல் 2014 மே மாதம் வரை பிறந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை அங்கேதான் உள்ளது. ஆலைக்கு அருகில் சற்று நேரம் வண்டியை நிறுத்தினோம். நமக்கு ஓட்டக் கற்பித்த வண்டி இந்த வங்கத்து மண்ணில் செய்தது. இப்போது நாம் அமர்ந்திருந்ததோ, இராமானுசர் அவதரித்த திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் செய்து, நம்மைப் போலவே வடக்கு நோக்கிப் பிழைக்க வந்தது.

திரும்பும் வழியில் சாலை காலியாக ஒரு பகுதி கிடைத்தது. விதித்த வேகத்தைத் தாண்டாமலே, ஒரு லாரியை அச்சமின்றிக் கடந்தோம். பழைய வண்டியில் மூச்சை அடக்கிக்கொண்டு கடப்போம். இப்போது மூச்சு தன்போக்கில் வந்தது. வேக வண்டி எதற்கு என்று கேட்ட அன்பர்களுக்கு நம் விடை அதுவே. மனைவியார் அருகில் அமர்ந்து, மற்றொரு சாவியைக் கைப்பையில் வைத்திருந்தார். அவர் கேட்கும் நாளில் நம்முடையதையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். அதுவரை, காலைப் பொழுதுகளில் நம்மைச் சாலையில் காணும் அன்பர்கள் கையசைத்துச் செல்வார்களாக!