வானிலிருந்து வந்த ஐந்து கடிதங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவோர் கோயில் இராஜகோபுரத்தை அண்ணாந்து பாராமல் போவதில்லை. 192 அடி உயரம் என்பர். நம் சித்தி மகன் அதைச் சுட்டிக்காட்டி, “அண்ணே, இதைப்போல் ஆறு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அதற்கும் சற்று மேலேயிருந்துதான் எங்கள் பையன்கள் முதல்முறை குதிப்பார்கள்” என்று கூறுவது வழக்கம். ஆக்ராவிலுள்ள விமானப்படையின் வான்குடைப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டுகள் பயிற்றுநராகப் பணியாற்றி, ஓய்வு பெற்று, வலது முழங்காலில் நீங்காத நோவுடன் ஊர் திரும்பியவர் அவர். பாராசூட் என்று உலகோர் வழங்கும் அந்த வான்குடையே அவரது வாழ்வாயிருந்தது.

1994ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு. இராஜபாளையத்தில் திருப்பலி முடிந்து வெளியே வந்த நம்மிடம், நூற்பாலைத் தொழிலாளியான கைம்பெண் ஒருவர் ஒரு கடிதத்தை நீட்டினார். இராணுவத்திலிருந்த அவருடைய ஒரே மகன், வான்குடைப் படைப்பிரிவில் சேர விருப்பம் தெரிவித்துவிட்டதாகவும், பயிற்சிக்கு ஆக்ரா செல்லவிருப்பதாகவும் எழுதியிருந்தான். “வேண்டாம் என்று பதில் எழுதிக் கொடுங்கள், ஐயா” என்றார் தாய். பேனாவைத் திறந்த நமக்குக் கை ஓடவில்லை. தம்பியைக் கேட்டபின் எழுதலாமென்று அவரையும் அழைத்துக்கொண்டு பேருந்து ஏறினோம்.

வழியில், அவருக்குத் தைரியமூட்ட எண்ணி, நாம் படித்த செய்தியொன்றைக் கூறினோம். சதுரச் சட்டத்தில் துணியைக் கட்டி, அதன் துணையால் ஒருவன் உயரத்திலிருந்து இறங்கும் படத்தை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தம் நூலில் வெளியிட்டவர் ஒரு கத்தோலிக்க ஆயர். தல்மாத்தியா நாட்டு ஃபௌஸ்தோ வெரான்சியோ என்பது அவர் பெயர். அம்மையார் சற்று யோசித்து, “அந்த ஆயர் குதித்தாரா?” என்றார். படம் வெளியிட்டது மட்டுமே உறுதி என்று ஒப்புக்கொண்டோம். நமது புத்தக அறிவு அத்துடன் வாயடைத்துப் போயிற்று.

தம்பியோ அறிவுரை எதுவும் கூறவில்லை. “அக்கா, நூலைப்பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை” என்று தொடங்கினார். முற்காலத்தில் பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து நைலான். முதுகில் பெரிய வான்குடை. அது விரியாவிடில் மார்பில் சிறியது ஒன்று. விமானத்தினுள் நெடுகக் கட்டிய கம்பியில் ஒவ்வொருவருடைய பட்டையும் கொக்கியால் மாட்டப்பட்டிருக்கும். ஆள் குதித்ததும் அப்பட்டையே இழுத்து வான்குடையைத் திறந்துவிடும். அதற்குமுன் பயிற்றுநர் அத்தனை பேருடைய கொக்கியையும் வாரையும் சோதித்தாக வேண்டும். “கண்ணால் பார்த்தால் போதாது அக்கா, விரல் படவேண்டும்” என்று கூறி, தோளிலிருந்த துண்டை மடிப்பு மடிப்பாக மடித்துக் காட்டினார். அம்மையாரின் கண்கள் அவர் விரல்களை விட்டு அகலவில்லை.

“பயந்து நின்றால் பிடித்துத் தள்ளிவிடுவீர்களாமே?”

“தள்ளியதே இல்லை. மாட்டேன் என்றவனை ஓரமாக உட்கார வைப்பேன். மற்றவர்கள் குதித்தபின் அவனருகில் வந்து அமர்வேன். பயமே இல்லை என்பவனைத்தான் இரண்டு முறை சோதிப்பேன்.”

1959இல் கீதா சந்தா என்ற விமானப்படை மருத்துவர் குதித்ததையும், இரயில்வேயில் பணியாற்றிய ரேச்சல் தாமஸ் 1979 முதல் இதனை விளையாட்டாகவே மேற்கொண்டதையும் சொன்னார். (அந்த ரேச்சல் தாமஸ் 2002இல் வட துருவத்தில் 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தார், 2005இல் பத்மஸ்ரீ பெற்றார்.) “பெண் பிள்ளைகளுமா!” என்றார் அம்மையார்.

பின்னர் தம் ஆசையைப்பற்றிப் பேசத் தொடங்கிய தம்பிக்கு நாங்கள் இருப்பதே மறந்துபோயிற்று. பத்தாயிரம் அடிக்கும் மேலேயிருந்து கைகால்களை விரித்துக் குதித்தால், மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகையிலும் விழுவதாகவே தோன்றாதாம். காற்றின்மேல் படுத்திருப்பது போலிருக்குமாம். வான்குடை விரிந்ததும் அத்தனை இரைச்சலும் ஓய்ந்து, கீழே நாய் குரைப்பதுகூடக் கேட்குமாம். அதற்காகவே மறுபடியும் மறுபடியும் ஏறியதாகச் சொன்னார்.

சற்றுநேரம் எவரும் பேசவில்லை. “என் அம்மாவிடம் ஆறு ஆண்டுகள் நான் இதைச் சொல்லவில்லை” என்றார் தம்பி. முழங்காலில் மாவுக்கட்டுடன் விடுமுறையில் வந்தபோதுதான் சித்திக்கு விவரம் தெரிந்தது. ஒரு வாரம் சித்தி அவரிடம் பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போவார். அப்போது நாமும் அவ்வீட்டில் இருந்தோம்.

“உங்கள் மகன் எழுதிவிட்டான், அக்கா. நான் எழுதவில்லை.”

திரும்பும்போது பேருந்திலேயே அம்மையார் சொல்லச் சொல்ல எழுதினோம். வேண்டாம் என்ற சொல் அதில் இல்லை. ஒவ்வொரு முறை குதித்தபின்னும் ஒரு கடிதம் போடவேண்டும் என்பதே நிபந்தனை.

ஐந்து முறை குதித்தால்தான் நெஞ்சில் இறக்கைச் சின்னம் கிடைக்கும். ஆக்ராவை அடுத்த மால்புரா மைதானத்தில் குதித்து, பையன் ஐந்து கடிதங்களும் எழுதினான். நாமே அவற்றைப் படித்துக் காட்டினோம். மூன்றாவதில், “நலம். காற்று அதிகம்” என்பதற்குமேல் ஒன்றுமில்லை. அன்று அம்மையார் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாவது, இரவில் குதித்தது. “தரை எங்கே என்று தெரியவில்லை, அம்மா. கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்” என்று எழுதியிருந்தான்.

அவ்வரியை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி, மடிப்பு மடிப்பாக மடித்து, செபப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டார்.