நான் திருத்தாமல் விட்ட பாடம்

2011 செப்டம்பரில், திருவொற்றியூரில் என்னிடம் டியூஷன் படித்த பிளஸ் டூ பிள்ளைகளிடம் ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டார் என்று சொன்னேன். 2012 பிப்ரவரியில் அது தவறு என்று எனக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகும் அவர்களிடம் சொல்லவில்லை. முதலில் சொன்னதை அறியாமை என்று யாராவது மன்னிக்கலாம். பிறகு வாயை மூடிக்கொண்டதற்கு மன்னிப்பு கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோ துகள்கள், பூமிக்குள்ளேயே 730 கிலோமீட்டர் கடந்து, இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருந்த ஓபரா கருவிக்கு வந்தன. ஒளி வந்திருக்கக்கூடிய நேரத்தைவிட 60 நானோ விநாடி முன்னதாக வந்தன என்றது அளவீடு. தூரமாகச் சொன்னால் 18 மீட்டர். ஓபரா குழு நிதானமாகத்தான் பேசியது. பிழை எங்கே என்று எங்களுக்குப் புரியவில்லை, மற்றவர்களும் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டது. அந்த நிதானத்தை நான் வகுப்புக்குள் கொண்டுபோகவில்லை. செய்தித்தாளைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினேன்.

எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன் கோட்டயத்துக்காரர். ஆனால் படித்தது நம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில். 1980களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஒளியைவிட வேகமான துகள்கள் இருக்க ஐன்ஸ்டைனின் கோட்பாடு தடை சொல்லவில்லை என்று 1962இலேயே, பிலனியுக், தேஷ்பாண்டே இருவரோடும் சேர்ந்து எழுதினார். அந்தத் துகள்களுக்கு 'டாக்கியான்' என்ற பெயரை 1967இல் ஜெரால்ட் ஃபைன்பெர்க் வைத்தார். நோபல் பரிசு சுதர்சனைத் தாண்டித் தாண்டிப் போன கதையைப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "நம்மாளு சொன்னதுதான் இப்ப நடந்திருக்கு" என்றேன். இனிமேல் போன், கம்ப்யூட்டர் சிக்னலெல்லாம் ஒளியை முந்தும், சிங்கப்பூருக்கு அனுப்புகிற செய்தி அனுப்புவதற்கு முன்பே போய்ச் சேரும் என்றும் அளந்துவிட்டேன். பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. அந்தக் கண்களுக்காக இன்னும் கூடுதலாகப் பேசினேன்.

ஒரு பையன் மட்டும் கை தூக்கினான். அவன் அப்பா காசிமேட்டிலிருந்து லாஞ்சில் தொழிலுக்குப் போகிறவர். "சார், எங்கப்பா போட்டுல இருக்கிற ஜிபிஎஸ் லைட் ஸ்பீடை வெச்சுத்தானே கணக்கு போடுது? அவங்களும் அதை வெச்சுத்தான் டைம் பாத்தாங்கன்னா, அது கரெக்டானு யாரு பாத்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "பரீட்சைக்கு வராத கேள்விய கேக்காத, உக்காரு" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் மறுபடி கை தூக்கவே இல்லை.

பிப்ரவரியில் பிழை வெளியே வந்தது. ஜி.பி.எஸ். கருவியிலிருந்து வந்த நேரத்தை முதன்மைக் கடிகாரத்துக்குக் கொண்டுசென்ற ஃபைபர் கேபிளின் இணைப்பு சரியாக இறுக்கப்படாமல் இருந்திருக்கிறது. மார்ச்சில், அதே மலைக்கு அடியில் இருந்த இகாரஸ் குழு தனியாக அளந்து, நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை என்று அறிவித்தது. ஓபரா குழுவின் தலைவர் அன்டோனியோ எரெடிடாட்டோ பதவி விலகினார். உலகத்தின் முன்னால் பிழையை ஒத்துக்கொண்டார்கள். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முன்னால் என்னால் முடியவில்லை. ஒரு காலையில், யாரும் வருவதற்கு முன்பு, சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்தெடுத்தேன். பரீட்சை நேரம், குழப்பக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அது உண்மையான காரணம் இல்லை. மானம் போகும் என்ற பயம் ஒரு பகுதி. அதற்கும் கீழே இருந்ததை எழுதக் கை கூசுகிறது. இவர்களில் யார் இயற்பியல் படிக்கப் போகிறார்கள், எண்ணூரிலோ மணலியிலோ ஏதோ ஒரு கம்பெனிக்குள் போகிறவர்களுக்கு இதைத் திருத்தி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். நானும் இதே ஊரில் பிறந்தவன். எங்களை வெளியே இருந்து பார்க்கிறவர்கள் அப்படி நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அதே நினைப்பை என் பிள்ளைகள் மேல் நானே வைத்திருந்தேன்.

சில வருடங்கள் கழித்து ராயபுரத்தில் ஒரு கல்யாணம். பழைய மாணவன் ஒருவன் தன் தம்பியை அழைத்துவந்து, "லைட்டை விட ஸ்பீடா போக முடியும்னு எங்களுக்கு அப்பவே சொன்ன சார் இவர்தான்" என்று அறிமுகப்படுத்தினான். திருத்துவதற்கு அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. நான் சிரித்துக்கொண்டு அந்தத் தம்பியின் தலையைத் தடவினேன்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். சுதர்சன் சொன்னது நான் சொன்னது இல்லை. இமயமலையை இங்கிருந்து யாரும் ஏறிக் கடக்கவில்லை என்பதால் அந்தப் பக்கம் மனிதர்களே இல்லை என்றாகிவிடாது, அவர்கள் அங்கேயே பிறந்திருக்கலாம் என்பது அவர் வாதம். பிறவியிலேயே ஒளியை மிஞ்சிய துகள் இருக்கலாம் என்றார். மெதுவாகப் போகிற எலக்ட்ரானை முடுக்கி ஒளியைத் தாண்ட வைக்கலாம் என்று அவர் சொல்லவே இல்லை. டாக்கியானை இதுவரை யாரும் கண்டதும் இல்லை. அந்தப் பெரிய மனிதரின் பெயரை என் ஆசைக்கு முட்டுக்கொடுக்க எடுத்துக்கொண்டேன்.

நான் அளந்துவிட்ட போன், கம்ப்யூட்டர் சிக்னல் கதையும் தவறு. கம்பியில் ஓடும் எலக்ட்ரான்கள் பொதுவாக விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. சிக்னலாகப் பாய்வது அவற்றைச் சுற்றியுள்ள மின்காந்தப் புலம். அதுவும் ஒளிக்குக் கீழேதான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் போட்ட ஐ2ஐ கடலடி கேபிள் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போவதால், ஒரு செய்தி அங்கே சேர 16 மில்லி விநாடி ஆகும். வெற்றிடத்தில் நேராகப் போனாலும் ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். 2000இல் பிரின்ஸ்டனில் லிஜுன் வாங் குழு, சீசியம் ஆவிக்குள் செலுத்திய ஒளித் துடிப்பின் உச்சியை 62 நானோ விநாடி முந்திவரச் செய்தது உண்மை. துடிப்பின் முன்பகுதியை அந்த ஆவி பெருக்கிக் கொடுத்ததால் உச்சி முன்னே தள்ளி வந்தது. ஒரு செய்தியின் தொடக்க முனை ஒளியை முந்தாது என்று சோமர்ஃபெல்டும் பிரில்லுவானும் 1914இலேயே காட்டிவிட்டார்கள்.

ஒளியை முந்துவதெல்லாம் செய்தி ஆகாது என்பதற்கு இன்னொரு உதாரணம். 10 விநாடிக்கு ஒரு முறை சுற்றும் கலங்கரை விளக்கின் கற்றை, நிலாவையும் தாண்டி 4 லட்சத்து 77 ஆயிரம் கி.மீ. தொலைவில் ஒரு சுவரில் விழுவதாக வைத்துக்கொண்டால், அங்கே அந்த வெளிச்சப் புள்ளி ஒளியின் வேகத்தில் நகரும். அதைவிடத் தள்ளி முந்திவிடும். ஆனாலும் சுவரின் ஒரு முனையில் நிற்பவர் அடுத்த முனையில் நிற்பவருக்கு அந்தப் புள்ளியால் ஒரு சொல்கூட அனுப்ப முடியாது.

இனி அந்தப் பையனுக்கு. தம்பி, நியூட்ரினோ அவ்வளவு முந்துமா என்று பார்க்க வானத்திலேயே ஒரு சாட்சி இருந்தது. 1987இல் வெடிப்பது பூமியிலிருந்து தெரிந்த நட்சத்திரம் சுமார் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது. எல்லா நியூட்ரினோவும் ஓபரா சொன்ன வேகத்தில் வருமென்றால், ஒளிக்கு நான்கு வருடம் முன்பே அவை வந்திருக்க வேண்டும். வந்தது சில மணி நேரம் முன்னால். அதுவும் ஒளி நட்சத்திரத்துக்குள் சிக்கி வெளியேறத் தாமதமானதால். உங்கப்பா லாஞ்சில் இருந்த ஜி.பி.எஸ். ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டைனின் கணக்குப்படி, அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையைவிட நாளைக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அதைக் கழித்துத்தான் அனுப்புகிறார்கள். கடிகாரத்தைச் சரிபார்த்தது யார் என்று நீ கேட்டாய். பிழை ஓபராவின் முதன்மைக் கடிகாரத்துக்குப் போன கேபிளில்தான் இருந்தது. நீ கேட்டது சரியான கேள்வி. உன்னை உட்காரச் சொன்னது என் தவறு.