மே மாதத்தை நம்பியவன்

நான்கு நாட்கள், 62 கிலோ. இந்த இரண்டு எண்களை நம்பித்தான் பதினோரு ஆண்டு பார்த்த வேலையை விட்டேன்.

2018 மே மாதம். ஏற்காட்டில் கோடைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. ஏரிக்கரையில் சொந்தக்காரர் ஒருவரின் கடை வாசலில் மேசை போட்டு, நானே வறுத்து அரைத்த காப்பித்தூளை விற்க வைத்தேன். சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. நான்கு நாள் விடுப்பு எடுத்திருந்தேன். வாசனைக்கே ஆட்கள் நின்றார்கள். கால் கிலோ கேட்டு வந்தவர்கள் ஒரு கிலோ வாங்கிப் போனார்கள். நான்காம் நாள் மாலை தூள் தீர்ந்துவிட்டது. அன்றிரவு சேலத்துக்கு இறங்கும் பேருந்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கடந்து அடிவாரம் வருவதற்குள் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டு முடித்தேன். நாளுக்கு 15 கிலோ, மாதத்துக்கு 450. கிலோவுக்கு 150 ரூபாய் நின்றால் 67,500. அப்போது எனக்குக் கைக்கு வந்த சம்பளம் 34,000.

அந்தத் தாளில் கூட்டல், பெருக்கல் எதிலும் பிழை இல்லை. மே மாதத்தை வருஷம் முழுக்க நீட்டிப் பார்த்ததுதான் பிழை.

ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். அப்பா ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டவர். வேலையை விடப்போகிறேன் என்றதும் அவர் கோபப்படவில்லை. "சம்பளத்தை விட்றாத கண்ணு. பூல் போன கதை உனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். பயந்த மனிதர், பழைய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதையை நான் உட்கார்ந்து கேட்டது, பின்னால் நான் தொடங்கிய கடையை மூடிய பிறகுதான். 1942-இல் வந்த காப்பிச் சட்டத்தின்படி, விளைந்த காப்பியை விவசாயி தானாக விற்க முடியாது. காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் போட்டுவிட வேண்டும். அதைத்தான் மலையில் எல்லோரும் பூல் என்றார்கள். வாரியம் ஏலத்தில் விற்று, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த அறுவடையே முடிந்திருக்கும். எல்லோரும் பூலைத் திட்டினார்கள், அந்தத் திட்டில் நியாயமும் இருந்தது. 1992-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-இல் முழு விடுதலை கொடுத்தார்கள். இடையில் 1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து அங்கே தோட்டங்கள் கருகின. உலகம் முழுக்க விலை ஏறியது. 1997-இல் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அரபிகா மூன்று டாலரைத் தாண்டியது. எங்கள் மலையில் அப்போது பணம் புழங்கியதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். ஜீப் வாங்கினார்கள். ஓட்டு வீட்டைப் பிரித்து மொட்டை மாடி போட்டார்கள். அந்த விலை அப்படியே நிற்கும் என்று நம்பிக் கடன் வாங்கினார்கள்.

பிறகு வியட்நாம் காப்பி சந்தையில் குவிந்தது. 2001 முடிவதற்குள் அதே பவுண்டு அரை டாலருக்கும் கீழே போனது. பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டவர்களை அப்பா பார்த்திருக்கிறார். "பூல் காசு லேட்டா வரும், கம்மியா வரும். ஆனா வரும்" என்றார். என் சம்பளத்தையும் அவர் அப்படித்தான் பார்த்திருக்கிறார். அவர் வாழ்நாளில் கண்டதை ஒரே வரியில் எனக்குக் கொடுத்தார். நான் அதைக் காதில் வாங்கவில்லை என்பது இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

2018 டிசம்பரில் வேலையை விட்டேன். பி.எஃப். பணம் 3,90,000. கிராஜுவிட்டி 1,14,000. மூன்று லட்ச ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளு போக 2,28,000-க்கு எடுத்தேன். முத்ரா திட்டத்தில் மூன்று லட்சம் கடன். ஆக மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல் கையில் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பணத்தை அதற்கு முன்னும் பின்னும் ஒன்றாகப் பார்த்ததில்லை. வறுக்கும் இயந்திரம், அரைவை இயந்திரம், ஏற்காட்டில் ஒண்டிக்கடை சந்திப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடைக்கு அட்வான்ஸ், மர அலமாரி, பெயர்ப் பலகை என்று ஆறரை லட்சம் போனது. மீதியில் பெரும்பகுதி கொட்டை வாங்கப் போனது. வீட்டுச் செலவுக்கு இத்தனை மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு ரூபாய்கூட நான் தனியாக எடுத்துவைக்கவில்லை. மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் கிளைத்தன என்று இப்போது நினைக்கிறேன்.

காப்பித் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. நூறு கிலோ பழம் பறித்தால், தோல் உரித்துக் கழுவிக் காயவைத்து உமி நீக்கிய பின் பதினாறு, பதினேழு கிலோ பச்சைக்கொட்டைதான் தேறும். வறுத்தால் ஈரம் போய் அதிலும் ஏழில் ஒரு பங்கு குறையும். கடைசியில் பதினான்கு கிலோ தூள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரியாமல் போனது பணம் எந்த மாதம் போய் எந்த மாதம் திரும்பும் என்பது. அறுவடை நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நல்ல கொட்டை வேண்டுமென்றால் அப்போதே ரொக்கம் கொடுத்து வாங்கி அடுக்க வேண்டும். விற்பனையோ ஏப்ரல், மே. நடுவில் பணம் மூட்டையாகக் கிடக்கும். வீட்டில் அரிசி மட்டும் மாதாமாதம் தீரும்.

2019 மே மாதம் நான் போட்ட கணக்கு பலித்தது. 400 கிலோவுக்கு மேல் விற்றேன். அன்று யாராவது எச்சரித்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஜூனில் பள்ளிகள் திறந்தன, விற்பனை பாதியானது. ஜூலையில் மொத்தமே 70 கிலோ. மூடுபனி இறங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து இருட்டும்வரை கால் கிலோப் பொட்டலம் இரண்டு போனது. அந்த மாதம் கொட்டை விலை போக உள்ளே நின்றது 10,500. கடை வாடகை, உதவிக்கு வைத்த பையனின் கூலி, வங்கித் தவணை, சீட்டு, வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து வெளியே போனது 51,500.

சேலத்து மெஸ்களுக்குக் கொடுக்கலாம் என்று ஏறி இறங்கினேன். அவர்கள் வாங்குவது சிக்கரி கலந்த தூள். கலப்புத் தூளில் 51 சதவீதமாவது காப்பி இருக்க வேண்டும் என்பது சட்டம். மீதி சிக்கரியாக இருக்கலாம். கலப்புத் தூளின் விலையோடு சுத்தக் காப்பித்தூள் போட்டி போட முடியாது. வாங்க ஒப்புக்கொண்ட ஓரிருவரும் அறுபது நாள் கடன் கேட்டார்கள். கொடுத்தேன். வேறு வழி இல்லை.

அந்த நவம்பரில் ஈரமாக இருந்த காப்பிக் களத்தில் அம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சைக்கு 1,80,000 ஆனது. நான் வேலையில் இருந்தவரை நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அப்பா, அம்மா இருவரும் இருந்தார்கள். வேலையை விட்ட அன்றே அது முடிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, அப்போது குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். நாங்கள் அதிலும் இல்லை. தனியாக ஒரு பாலிசி எடுக்க வேண்டும் என்று டைரியில் எழுதியே வைத்திருந்தேன். பெற்றோர் வயதுக்குக் கேட்ட பிரீமியத்தைப் பார்த்துவிட்டு, சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

இனி எழுதுவதை எழுத எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. என் மனைவியின் நகை ஆறு பவுனை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தேன். தை மாதம் அவள் சித்தி மகள் கல்யாணம். காலையில் பீரோவைத் திறந்தவள் வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு, "என்னங்க, எப்போ?" என்று கேட்டாள். எங்கே என்று கேட்கவில்லை. நான் சொன்னேன். "கடை நட்டத்துல போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே" என்றாள். கல்யாணத்துக்கு மஞ்சள் கயிற்றோடு வந்தாள். பந்தியில் சிரித்துப் பேசினாள். மாதக்கணக்கில் அவளிடம் "எல்லாம் நல்லாப் போகுது" என்றே சொல்லி வந்திருந்தேன். பணம் போனதைவிட அந்தப் பொய் அவளை வருத்தியது. அதைச் சரிசெய்ய எடுத்த காலம் கடன் அடைத்த காலத்தைவிட அதிகம்.

எல்லோரிடமும் சொல்ல எனக்கு ஒரு வசதியான காரணம் இருக்கிறது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அந்த மே மாதம் மலைச்சாலையில் சுற்றுலா வண்டி ஏறவில்லை. கொரோனாதான் கடையைச் சாய்த்தது என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் என் கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி முடிவிலேயே நகைக்கடன் உட்பட ஏழு லட்சத்துக்கு மேல் கடன் நின்றது. ஒரு மே மாதம் தவறினால் எழ முடியாத தொழிலை நான் கட்டியிருந்தேன். நோய் வராவிட்டாலும் ஒரு மண்சரிவு, ஒரு பெருமழை போதுமாக இருந்திருக்கும்.

ஊரடங்குக்குச் சில வாரங்கள் முன்புதான் மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒன்றரை டன் கொட்டை வாங்கி அடுக்கியிருந்தேன். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வங்கித் தவணைக்கு ரிசர்வ் வங்கி விலக்கு கொடுத்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மழைக்காலத்தில் மலை ஈரம் மூட்டைக்குள் இறங்கிக் கொட்டை வெளுத்தது, வாசனை போனது. செப்டம்பரில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இயந்திரங்களையும் பாதி விலைக்கு விற்றுக் கடையைக் காலி செய்தேன். 2021 ஜனவரியில் சேலத்தில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளம் 26,000. எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் அங்கே எனக்கு மேலே இருந்தார். அவர் என்னை மரியாதையாக நடத்தினார், அதை மறக்க மாட்டேன். அந்த ஆண்டும் மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. கடையைப் பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் இரண்டாவது மே மாதமும் போயிருக்கும்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு ஆய்வைப் படித்தேன். ஜோசப் ராஃபி, ஜியே ஃபெங் என்ற இருவர் 2014-இல் அமெரிக்காவில் வெளியிட்டது. வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தோற்கும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று அதில் கண்டிருந்தார்கள். படித்தபோது வயிறு எரிந்தது. என்னால் அப்படிச் செய்திருக்க முடியும். சனி, ஞாயிறு வறுத்திருக்கலாம். ஒரு முழு வருஷம், பன்னிரண்டு மாதமும் விற்றுப் பார்த்திருக்கலாம். ஒரு ஜூலையைப் பார்த்திருந்தால் அந்த விலகல் கடிதம் என் பையிலேயே கிடந்திருக்கும். முழுமூச்சாக இறங்கினால்தான் தொழில் நிற்கும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அப்படி இறங்கி மூழ்கியவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை, அதனால் அந்தப் பேச்சு மட்டும் காதில் விழுகிறது.

தொழிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் இப்போதும் மலையேறி, ஒரு சிறு இயந்திரத்தில் பதினைந்து கிலோ வறுக்கிறேன். அறுபது குடும்பங்கள் மாதாமாதம் வாங்குகின்றன. மழைக்காலமோ கோடையோ, அந்த எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. கணக்கு நோட்டு மனைவியிடம் இருக்கிறது. ஆறு பவுனில் கடைசி நகையை 2024 தை மாதம் மீட்டோம்.

சென்னையில் நல்ல வேலையில் இருக்கும் அக்கா மகன், அதை விட்டுவிட்டு ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தப் போவதாகச் சொன்னான். "மாமா, மே மாசம் ஒரு ரூம்கூடக் கிடைக்கல தெரியுமா?" என்றான். அவனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். கடிதம் கொடுக்குமுன் ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏற்காட்டுக்கு வாருங்கள். காலையிலிருந்து மாலை வரை ஏரிக்கரையில் நில்லுங்கள். திறந்திருக்கும் கடைகளை எண்ணுங்கள், வாங்க வருபவர்களையும் எண்ணுங்கள். அன்று இரவே வீட்டாரை உட்காரவைத்து, அந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.