பின்வாங்கத் தெரிந்த பாதை

பிரான்ஸின் சமோனியில் தொடங்கி சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் முடியும் ‘ஓட் ரூட்’ பனிச்சறுக்குப் பாதையை வரைபடங்கள் ஒரே கோடாகக் காட்டுகின்றன. அது என்றுமே ஒரே கோடாக இருந்ததில்லை. 1860களில் பிரிட்டிஷ் மலையேறிகள் கோடையில் நடந்து கண்ட தடம் இது. 1911-ல் மார்செல் குர்ஸும் ரோஜேயும் பூர்-சாங்-பியேரிலிருந்து செர்மாட் வரை பனிச்சறுக்கில் கடந்தார்கள். இன்று பல குழுக்கள் அந்த ஊர்ப்பக்கமே போவதில்லை. அவ்வழியிலுள்ள வால்சோரே குடிலுக்கு மேலுள்ள செங்குத்துச் சரிவைத் தவிர்க்க, ஷாம்பேயில் இறங்கி, வண்டி பிடித்து வெர்பியே போய், அங்கிருந்து மறுபடி ஏறுகின்றன. நடுவில் சாலைப் பயணம் புகுந்தால் பயணம் முழுமையாகாது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. என் பார்வையில் இந்தப் பாதையின் அறிவே அந்த விலகலில்தான் தெரிகிறது. எதை விட்டுவிடுவது என்று நேரத்தோடு தீர்மானிக்கவே வழிகாட்டிக்குக் கூலி கொடுக்கிறோம்.

முதல் கட்டத்தில் ஆர்ஜான்தியே பனியாற்றைக் கடந்து, 3,323 மீட்டர் உயரச் சார்தொனே கணவாய்க்கு ஏறி, மறுபுறம் பெரும்பாலும் கயிற்றின் துணையோடு இறங்கி, திரியான் குடிலை அடைகிறார்கள். வெர்பியேவுக்குப் பிறகு ரோசாப்லான்ஷ் சிகரப் பகுதியைத் தாண்டினால் பிராஃப்ளூரி குடில். அடுத்த நாள்தான் நேரத்தின் அருமை புரியும். 285 மீட்டர் உயர கிராந்த் திக்சான்ஸ் அணை தேக்கிய ஏரியின் மேற்குக் கரையில், சரிவை அறுத்தபடி நெடுந்தூரம் போக வேண்டும். கிழக்கு பார்த்த சரிவு. காலை வெயில் நேரே விழும். இரவில் இறுகிய பனி சூடேற ஏறப் பிடிப்பை இழக்கும். விடிவதற்குள் கிளம்பியவருக்கு அது வெறும் நடை. தாமதித்தவருக்குத் தலைக்கு மேலே ஆபத்து.

ஆகவே, குடில் என்பது தூங்கும் இடம் மட்டுமல்ல. சுவிஸ் ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கை, ஆபத்தை ஐந்து படி அளவில் குறித்து, மாலை 5 மணிக்கு வருகிறது. ஸ்கீ காலணிகள் உலர்ந்துகொண்டிருக்கும் வேளை. எதிர்த்திசையிலிருந்து வந்தவர்கள் தாங்கள் பார்த்த பனியைச் சொல்வார்கள், குடில்காரர் காற்றைப் பற்றிச் சொல்வார். அந்தச் சாப்பாட்டு மேசையில் எடுக்கும் முடிவு, சரிவின் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு எடுப்பதைவிடத் தெளிவாக இருக்கும்.

வழிகாட்டி இருந்தும் உயிர்கள் போயிருக்கின்றனவே என்று கேட்பது நியாயம். 2018 ஏப்ரல் இறுதியில் இந்தப் பாதையின் தீஸ் குடிலுக்கும் வின்யெத் குடிலுக்கும் இடையே புயலில் சிக்கியவர்கள் 14 பேர். வின்யெத் குடிலுக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் திறந்த வெளியில் இரவைக் கழித்து, அவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். வழிகாட்டியோடு சென்றவர்களும் அவர்களில் இருந்தனர். வழிகாட்டி காவல் தெய்வமல்ல. இந்தத் துயரத்திலிருந்து நான் புரிந்துகொள்வது, வழியிலுள்ள ‘பின் தாரோலா’ சிகரத்தின் 3,790 மீட்டர் உயரத்தை நெருங்கிவிட்ட பிறகு யாருக்கும் தெரிவுகள் மிஞ்சுவதில்லை என்பதே. தீஸ் குடிலில் இருக்கும்வரை தெரிவு உண்டு: பா த ஷேவ்ர் கணவாயின் இரும்பு ஏணிகளில் இறங்கி அரோலா கிராமத்துக்குப் போய்விடலாம். ஜிபிஎஸ் போதாதா என்றால், கருவி திசையைக் காட்டும். வின்யெத் குடிலோ பாறை விளிம்பில் நிற்கிறது. வெண்மூட்டத்தில் பத்தடி பிசகினாலும் பள்ளம்.

இன்னொரு மறுப்பு வலுவானது. குடில்களில் மாதக்கணக்கில் முன்பே படுக்கை பிடிக்க வேண்டியிருப்பதால், ஒரு நாள் நின்றால் அடுத்த படுக்கைகள் எல்லாம் கைவிட்டுப் போகும். குடிலே ஆளை முன்னால் தள்ளுகிறது. மறுக்க முடியாத உண்மை இது. அதனால்தான் உபரி நாள் ஒன்றைத் தொடக்கத்திலேயே சேர்க்காத, செர்மாட்டை உறுதி கூறி விற்கிற பயணத் திட்டங்களை நான் நம்புவதில்லை.

கடைசி நாளில் மூன்று கணவாய்கள். முதலாவதான எவெக்கைத் தாண்டி மேல் அரோலா பனியாற்றில் இறங்கும்போது, வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும். பள்ளத்தாக்குக்கு எளிதாக இறங்கும் கடைசி இடம் அது. அடுத்த மோன் ப்ரூலே கணவாய்க்கு அப்பால் இத்தாலியப் பனியாறு; பிறகு 3,500 மீட்டருக்கு மேலான வால்பெலின்; அதன்பின் ஸ்டொக்யி பனியாற்றின் வெடிப்புகள். அவற்றை மூடிய பனிப்பாலங்கள் பிற்பகலில் நெகிழும். நேரம் போதாதென்றால் இடதுபுறம் அரோலாவுக்கு இறங்கிவிடலாம். அங்கிருந்து பேருந்தில் சியோன், ரயிலில் ஃபிஸ்ப், பிறகு மலைரயிலில் செர்மாட்.