பதனிப் பட்டை

ஆறுமுகநேரி உப்பளங்களைப் பார்த்துப் போகிற சாலை. சித்திரை மாதத்து வெயில் காலை பத்து மணிக்கே தாரை இளக்க ஆரம்பித்துவிட்டது. வேப்பமர நிழலில் சாக்கு விரித்து ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். முன்னால் குலைகுலையாக நுங்கு. பக்கத்தில் வெள்ளைத்துணி கட்டிய பதனிக் குடம். தலைக்கு மேலே கிளையில் ஒரு சின்ன ரேடியோ தொங்குகிறது. அது பாடுவதைவிட இரைவதே அதிகம்.

பதனியும் நுங்கும் ஒரே மரத்தின் பிள்ளைகள் என்றாலும் குணம் வேறு. ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பாளை சீவிப் பதனி இறக்கலாம். நுங்கு காய்ப்பதோ பெண் பனை மட்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருப்பதால்தான் பதனி பதனியாக இருக்கிறது. பூசாவிட்டால் கள்ளாகிவிடும், அப்புறம் போலீஸ்காரர் வேறு வருவார்.

ஒரு பெரியவர் சைக்கிளை மரத்தில் சாய்க்கிறார். கேட்கவே இல்லை. அம்மா ஓலையை மடக்கி முடிச்சுப் போட்டுப் பட்டை பிடித்து, அவர் கையில் கொடுத்து, இரண்டு நுங்கை நோண்டிப் போட்டு, மேலே பதனியை ஊற்றுகிறார். நுங்கின் தோலை உரிக்கவில்லை, அவரும் உரிக்கச் சொல்லவில்லை. அந்தத் துவர்ப்பை உரித்து எறிந்துவிட்டு நுங்கு தின்கிறவர்கள் பாயசத்தையே குடித்துவிட்டுப் போகலாம். பட்டையின் விளிம்பில் வாய் வைத்து, கண்ணை மூடி, பெரியவர் நிதானமாக உறிஞ்சுகிறார். பதனி, ஓலை, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்த அந்த வாசனையை எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவர முடியாது.

“இன்னொரு கை ஊத்தட்டா பெரியப்பா?”

பட்டை மட்டும் நீள்கிறது.

ஒரு கார் வந்து நிற்கிறது. கண்ணாடி பாதி இறங்குகிறது. “ரோஸ்மில்க்ல போட்டுத் தருவீங்களா?”

“வீட்டுல போயிப் போட்டுக்கிடுங்கம்மா. இங்க அதெல்லாம் கிடையாது.”

பார்சல் கட்டுகிறார். அதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு சிறுமி இறங்கி வந்துவிட்டாள். சீவிய நுங்கு ஒன்றைக் கையில் வாங்கி, கண்ணுக்குள் பெருவிரலை அழுத்துகிறாள். தண்ணீர் பீய்ச்சி நேராக மூக்கில் அடிக்கிறது. தும்மிக்கொண்டே சிரிக்கிறாள். கவுனில் நுங்குக் கறை. கார் போகிறது, பின் கண்ணாடியில் இன்னும் பெருவிரலைச் சூப்பிக்கொண்டிருக்கிறது அந்த முகம்.

அடுத்து ஒரு உப்பு லாரி. டிரைவர் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆற அமரத் தின்கிற ஆள். அம்மாவின் அரிவாள் தலையைச் சீவ, மூன்று கண்ணும் தெரிகின்றன. முற்றியது வந்தால் அம்மாவே தூர எறிகிறார், ஆட்டுக்கு ஆகும். ரேடியோ என்ன நினைத்ததோ, இரைச்சலை விட்டுவிட்டுக் ‘கரகாட்டக்காரன்’ பாட்டைத் தெளிவாக எடுக்கிறது. 1989-இல் வந்த படம். கிளீனர் பையன் அப்போது பிறந்தே இருக்கமாட்டான். ஆனாலும் லாரிக் கதவில் தாளம் தப்பாமல் தட்டுகிறான். டிரைவர் வாயில் நுங்கோடு தலையை ஆட்டுகிறார். இளையராஜாவைக் கேட்டுக்கொண்டு மெல்லுவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். அவருக்கு அது இருக்கிறது. பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

“எத்தனைக்கா ஆச்சு?”

“நாலு.”

“மூணுதான தின்னேன்! இந்தா கெடக்கே கூடு, எண்ணிப் பாருங்க.”

அம்மா அரிவாள் நுனியால் எண்ணுகிறார். மூன்றுதான் கிடக்கிறது. ஒரு கணம் குழம்பி, சாலையைப் பார்க்கிறார். அங்கே இரண்டு பொடியன்கள் வெறுங்கூடு இரண்டில் குச்சியை அச்சாகச் செருகி, கவட்டைக் கம்பால் நுங்கு வண்டி தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள்.

“ஏலேய், நில்லுல! அந்தா உருளுதுல்லா அண்ணாச்சி, அதுல ஒரு சக்கரம் ஒங்களது.”

டிரைவர் பையிலிருந்து கையை எடுக்காமல், முகத்தை அப்படியே கவுண்டமணி மாதிரி வைத்துக்கொண்டு கேட்கிறார்: “அப்போ இன்னொரு சக்கரம்?”

கிளீனர் பையன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நாலு நுங்குக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டு, பையன் தலையில் தட்டியபடியே லாரியில் ஏறுகிறார்.