அம்மாவின் உப்பும் ஒரு துண்டுக் கடற்பாசியும்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அம்மாவுக்கு இலேசான பாரிசவாதம் வந்து போனது. கையும் காலும் இரண்டொரு மாதங்களில் வழிக்கு வந்துவிட்டன. வழிக்கு வராதது அவருடைய சாப்பாடுதான். உப்பைக் குறைக்குமாறு வைத்தியர் கூறிய நாளிலிருந்து அம்மா உணவையே குறைத்துவிட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்த வாக்கு. எண்பது வயதைக் கடந்த பிறகு அதற்கு எதிராக வாழ்ந்து காட்டும்படி அவரிடம் கேட்டால் நடக்கிற காரியமா?

அவரைக் குறை சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டு மேசையில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், சம்பல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. அம்மாவின் பழைய மதியச் சாப்பாடு ஒன்றே அந்தக் கணக்கைத் தாண்டியிருக்கும். இப்போதோ சோற்றைப் பிசைவார், இரண்டு வாய் உண்பார், கோப்பையைத் தள்ளி வைப்பார். "தம்பி, வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்லை" என்பார். மூன்று மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது. இரத்த அழுத்தம் இறங்கியது குறித்து வைத்தியர் மகிழ்ந்தார். நாங்கள் மகிழவில்லை.

இந்த இடத்தில்தான் என் மகள் தலையிட்டாள். அவள் நான்கு ஆண்டுகள் ஒசாகாவில் படித்துவிட்டு 2019இன் இறுதியில் வீடு திரும்பியவள். வரும்போது பெட்டியில் ஒரு பொதி கொண்டுவந்திருந்தாள். கரும்பச்சை நிறத்தில், தோல் வார் போல விறைத்துக் காய்ந்த, மேலே வெள்ளைத் தூள் படிந்த பட்டைகள். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று என் மனைவி எறியப் போனார். மகள் ஓடிவந்து பறித்தாள். அதுதான் கொம்பு என்ற கடற்பாசி. அந்த வெள்ளைத் தூளைக் கழுவக்கூடாதாம், ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போதுமாம்.

கொம்பு விளைவது வடக்கே ஹொக்கைடோவின் குளிர்ந்த கடலில். ஆனால் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது ஒசாகா. எடோ காலத்தில் வடக்கிலிருந்து சரக்குக் கப்பல்கள் மேற்குக் கரையோரமாக வந்து அங்கே அதை இறக்கின. விளைந்த ஊரை விட வந்திறங்கிய ஊரே அதன் சுவையை நன்கு கற்றுக்கொண்டது போலும்.

1908இல் தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இக்கேதா கிக்குனாயே இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான் குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அவருடைய மாணவர் கொதாமா 1913இல் கட்சுவோபுஷி என்ற உலர்மீனிலும் இதே வகைச் சுவை தரும் வேறொரு பொருளைக் கண்டார். 1957இல் குனினாக்கா என்பவர், ஷீத்தாக்கே காளானில் உள்ள இன்னொரு பொருளை ஆராய்ந்து, இவை ஒன்றோடொன்று சேரும்போது சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக உயர்கிறது எனக் காட்டினார்.

முன்பு நான் பணியாற்றிய நாளிதழின் அறிவியல் பக்கத்தில் உமாமியை ஐந்தாம் சுவை என்று எழுதியிருந்தோம். மறுவாரமே வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. எங்களுக்குத் தொன்றுதொட்டு ஆறு சுவைகள் இருக்க, அவர்கள் இப்போதுதான் ஐந்தாவதைக் கண்டுபிடித்தார்களா என்று கேட்டிருந்தார். சிரித்துவிட்டுக் கோப்பில் போட்டேன். அந்த ஐந்தாவது நம்முடைய ஆறினுள் இல்லை என்பதை அவருக்குப் பதிலாக எழுதியிருக்கலாம்.

மகளின் கணக்கு எளிமையானது. நாக்குக்கு உமாமி கிடைத்தால் உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது. அஜினமோட்டோவே போட்டால் என்ன என்று கேட்டேன். எடைக்கு எடை பார்த்தால் அதிலுள்ள சோடியம் உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே அம்மா அடுப்படியை விட்டு எழுந்து போய்விடுவார். ஆகவே தாஷி என்ற அந்தச் சாற்றைக் காய்ச்சுவதென்று முடிவாயிற்று.

ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் கொம்பை அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய தீயில் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிட வேண்டும். பிறகு கட்சுவோபுஷிச் சீவல்களைப் போட்டு, அவை அடியில் அமிழ்ந்ததும் வடிக்க வேண்டும். சீவலுக்கு எங்கே போவது? அப்போதுதான் எனக்கு மாசி நினைவுக்கு வந்தது. கட்சுவோபுஷி என்பது சூரை இன மீனொன்றை அவித்து, புகையூட்டி, உலர்த்துவது. உயர்ந்த ரகங்களில் பூஞ்சணமும் ஏற்றுவார்கள். அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் மீதியெல்லாம் மாலைதீவின் மாசிக்கருவாடுதான். மீனும் அதே மீன். 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா மாலைதீவில் தங்கியபோதே அங்கிருந்து இது பிற நாடுகளுக்கு ஏற்றுமதியானதைக் குறித்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அது சீனிச் சம்பலுக்காகப் போத்தலில் கிடந்தது.

முதல் முயற்சி படுதோல்வி. மாசியை இடித்துப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தேன். கலங்கல் நிறம், கசப்பு, வெள்ளவத்தையின் அந்த மாடிக் குடியிருப்பு முழுவதும் கருவாட்டு வாடை. "இதென்ன பிள்ளை, மீன் கழுவின தண்ணியே?" என்று அம்மா பேத்தியிடம் கேட்டார். இரண்டாம் முறை இடிக்காமல் மெல்லிய சில்லுகளாகச் சீவி, அடுப்பை அணைத்த பின் போட்டு, மூன்றே நிமிடத்தில் வெள்ளைத் துணியில் வடித்தோம். பொன்னிறச் சாறு வந்தது. மாசியில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் மேலும் உப்பிடவில்லை.

அந்தச் சாற்றில் மகள் செய்தது சவான்முஷி. ஒரு முட்டைக்கு அதன் மூன்று மடங்கு சாறு. நுரை எழாமல் கலக்கி, வடித்து, சிறு கிண்ணங்களில் ஊற்றி, இடியப்பம் அவிக்கும் பானையில் வைத்தாள். தீ கூடினால் உள்ளே தேன்கூடு போலத் துளை விழுந்துவிடும். ஆகவே மூடியைச் சற்றே நீக்கிவைத்து, கால் மணி நேரம் காவலிருந்தாள். அம்மா கரண்டியால் ஒரு முறை தட்டிப் பார்த்தார். அது நடுங்கியது. "சீனியில்லாத வட்டிலப்பம்" என்றார். ஒரு வாய் வைத்தார். சற்று நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "சம்பல் வாசம் வருது" என்றார். கிண்ணம் காலியானது. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் பேசவில்லை, பேசினால் மீண்டும் பழைய பிடிவாதம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில்.

ஜப்பானியச் சாப்பாடு என்றாலே ஆரோக்கியம் என்று நினைப்பதும் பிழை. ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் 2 கிராமுக்கு மேல் உப்பு உண்டு. ஒரு கிண்ணம் மிசோ சூப்பில் 1 கிராமைத் தாண்டும். 1951 முதல் 1980 வரை அந்நாட்டில் உயிரிழப்புக்கு முதற்காரணம் பாரிசவாதம்தான். வடக்கில் அக்கித்தா பகுதி மக்கள் நீண்ட குளிர்காலத்துக்கு ஊறுகாயையும் உப்புமீனையும் நம்பி வாழ்ந்து, அதற்குக் கொடுத்த விலை பெரிது. நகானோ போன்ற இடங்களில் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று சூப்பின் உப்பை அளந்து மக்களைப் பழக்கினார்கள். எனவே எங்கள் வீட்டில் மிசோவுக்கு இடமில்லை. சோயா சோஸ் துளிக்கணக்கில்தான்.

வெள்ளிக்கிழமைகளில் வேறொரு சிக்கல். அன்று அம்மா மரக்கறிதான், முட்டையும் ஆகாது. அதற்கும் ஜப்பானில் வழி இருந்தது. பௌத்த மடங்களின் சமையலில் மீன் கிடையாது. கொம்பும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானும் ஊறிய நீரே அங்கு சாறு. அதில் பூசினிக்காயைத் தோலோடு வேகவைப்போம். கீரையை ஒரு கொதியில் எடுத்துப் பிழிந்து, வறுத்து இடித்த எள்ளோடு பிசைவோம். எள்ளு அம்மாவுக்குப் புதிதல்ல, சனீஸ்வரனுக்கு எரித்த எள்ளெண்ணெய் கொஞ்சமா? சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு மட்டும் மாறவில்லை. ஒட்டும் ஜப்பானிய அரிசியை ஒருமுறை காட்டியபோது, குழைந்த சோற்றுக்கா இவ்வளவு விலை என்று கேட்டார்.

2022இல் எரிவாயு கிடைக்காமல் கொழும்பே சிலிண்டரோடு தெருவில் வரிசையில் நின்ற மாதங்களில் இந்தச் சமையல் வேறு விதத்திலும் கைகொடுத்தது. கொம்பையும் காளானையும் இரவில் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் அடுப்பில்லாமலேயே சாறு தயார். இரண்டு நாள் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய ஒரு மாலையில், மின்சார அடுப்பில், மின்வெட்டுக்கு முந்திய அரை மணி நேரத்துக்குள் நால்வருக்கும் சமைத்து முடித்தோம். அன்று இருட்டில் உண்ட பூசினிக்காயின் இனிப்பு இன்னும் நாவில் இருக்கிறது.

இழந்த ஏழு கிலோவில் நான்கு திரும்பிவிட்டது. அம்மா இப்போது சாற்றை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். போன மாதம் எங்களுக்குத் தெரியாமல் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துப் பூசினிக்காயில் கொட்டிவிட்டார். மகளுக்குக் கோபம். எனக்கு அது நன்றாகவே இருந்தது, அதை மகளிடம் சொல்லவில்லை. கொம்புப் பொதியில் இன்னும் இரண்டு பட்டைகளே மிச்சம். மகளின் சிநேகிதி ஒசாகாவிலிருந்து தை மாதம் வருகிறாளாம். அதுவரை காளானும் மாசியும்தான்.