கோட்டையடியிலிருந்து ஒரு வறுவல் கடிதம்

அடி என் கோத்தகிரி ராசாத்தி,

ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு எழுதறேன்னு பெருமையடிச்சிருக்கியே, இங்கே செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு பக்கமும் பாறை, பகல்ல வாங்கின வெயிலை ராத்திரியெல்லாம் எங்க மேலேயே திருப்பி விடுது, இதுல அடுப்படி வேலை வேற. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாங்களே, அதுல தமிழ்நாட்டுல இருக்கிறது எங்க கோட்டை ஒண்ணுதான்னு தெரிஞ்சதும், இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் கிளம்பி வருது. கோட்டையை ஒரு சுத்து சுத்திட்டு நேரா இலைக்கு வந்துடறாங்க, எல்லாருக்கும் உருளைக்கிழங்கு வறுவல்தான் வேணும்.

எங்க அத்தைக்குத் தாராளக் கை, கிழங்கு எண்ணெயில் நீச்சலடிக்கும். இவருக்குச் சர்க்கரைன்னு ஆனப்புறம் டாக்டர் கிழங்கையே தொடாதேன்னு சொல்லலை, சோத்தைக் குறைச்சுக்கிட்டு அளவா சாப்பிடுங்கன்னார். அதனால இப்ப வறுவல் என் பொறுப்பு. சின்னக் கிழங்கா எடுத்து, தோலோட தேய்ச்சுக் கழுவி, முக்கால் வேக்காடு வேக வச்சு, ராத்திரியே ஃபிரிட்ஜில் வச்சிடுவேன். வெந்த கிழங்கு குளிர்ந்தா, மாவுச்சத்துல கொஞ்சம் சுலபத்துல செரிக்காத மாதிரி மாறிடும், சர்க்கரை ஏறுறதும் கொஞ்சம் மட்டுப்படும். தவிர, கல்லுல போட்டா உடையாது. வேகாத கிழங்கை மட்டும் அங்கே வச்சிடாதேடி, குளிர்ல மாவு சர்க்கரையாகி, சூடு பட்டதும் கறுத்துப் போகும்.

மறுநாள் ரெண்டா நறுக்கி, இரும்புத் தோசைக்கல்லில் இந்தப் பக்கத்துச் செக்குக் கடலெண்ணெய் ரெண்டு ஸ்பூன் விட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு, நறுக்கின பக்கம் கல்லுல படற மாதிரி அடுக்கிட்டுச் சும்மா இருக்கணும். அந்தச் சும்மா இருக்கிறதுதான் அத்தைக்கு ஆகாது, கரண்டியோட பின்னாடியே நிப்பாங்க. உப்பு, மிளகுத்தூள், பெருங்காயமெல்லாம் கடைசியில். மிளகாய்த்தூளை முதல்லயே போட்டா கிழங்கு முறுகறதுக்குள்ள தூள் கருகி வீடே இருமும். பொன்னிறமானதும் இறக்கிடு, கருக விட்டா அக்ரிலமைடுன்னு ஒரு வேண்டாத வஸ்து கூடிடும்.

ஆனா என்ன பண்ணி என்ன, இங்கே கடையில் கிடைக்கிறதெல்லாம் வடக்கேயிருந்து மூட்டையில் வர்ற கிழங்கு, நம்ம மலைக் கிழங்கோட வாசனை இல்லை. இதைச் சொன்னா இவர், "எங்க தேசிங்கு ராஜா உருளைக்கிழங்கா தின்னு குதிரை ஏறினாரு?"ங்கறார். நிஜந்தான், அவர் செத்தது 1714-ல், நம்ம நீலகிரிக்குக் கிழங்கு வந்ததே அதுக்கு நூறு வருஷம் கழிச்சு சல்லிவன் துரை காலத்துல. அதுக்காக விட்டுக் கொடுக்க முடியுமா, பாவம் அவருக்குக் கொடுத்து வைக்கலைன்னு சொல்லிட்டேன்.

உங்க அண்ணன் அடுத்த வாரம் விழுப்புரம் வர்றாராமே, பொடிக் கிழங்கா பார்த்து ரெண்டு கிலோ கொடுத்தனுப்பு. முளை விட்டதும் பச்சையடிச்சதும் வேண்டாம். கழுவிடாதே, மண்ணோட இருந்தாத்தான் தாங்கும்.

உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி